"நான் சொல்லித்தான் கதவைத் திறந்தாங்க"

வாசகியின் கடிதம்:

"எங்களுக்கு வேலூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர்கள் இருக்கும் ஊர். என் கணவருக்கு வயது 62. 1982இல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து, 2004இல் ஹவில்தாராக ரிட்டயர்டு ஆனவர். 1987இல் அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனார். அங்கிருந்து வந்த பிறகுதான் எங்களுக்குக் கல்யாணம். 'போனவன் வேற, வந்தவன் வேற' என்று என் மாமியார் சொல்லுவார். போனவரை நான் பார்த்ததில்லை.

ரிட்டயர்டு ஆனதும் ஒரு வங்கியில் செக்யூரிட்டியாக இருந்தார். அதையும் விட்டு வீட்டோடு இருக்கும் இந்த இரண்டு வருடத்தில் நிலைமை மோசமாகிவிட்டது. ராத்திரி கூடத்தில் வாசலைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். தீபாவளிக்கு நிலத்தில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்குப் போய்விடுவார். கேன்டீன் ரம் முன்பு இரண்டு பெக், இப்போது அரை பாட்டில். ஒருநாள் தூக்கத்தில் முனகினார் என்று தோளைத் தொட்டு எழுப்பினேன். என் கழுத்தைப் பிடித்துவிட்டார். விடிந்ததும் அழுதார்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்கு ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பம் குடிவந்தது. அந்த வீட்டுப் பாட்டி வந்து 'தம்பி, கொஞ்சம் தண்ணி தருவியளே' என்று கேட்டதும், இவர் எழுந்து பின்பக்கமாகப் போய்விட்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அன்று குடித்துவிட்டு ஒரே ஒரு வரி சொன்னார்: 'நான் சொல்லித்தான் கதவைத் திறந்தாங்க.' அதற்கு மேல் கேட்டால் பேச மாட்டார்.

என் மகன் அப்பாவோடு பேச்சையே நிறுத்திவிட்டான். 'குடிக்கிறதுக்கு ஒரு சாக்கு' என்கிறான். குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகுமா? சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து இருக்கிறதாமே, கொடுக்கலாமா? மனநல டாக்டரிடம் போனால் பென்ஷன் போய்விடுமா? அந்தப் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் மனசு ஆறுமா? இந்த வயதில் ஒரு மனிதர் மாறுவாரா?"

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரி,

கடிதத்தை மட்டும் வைத்து ஒருவருக்கு இன்ன நோய் என்று முடிவு சொல்லக் கூடாது. நேரில் பார்த்துப் பேச வேண்டும். ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கும் எந்த மனநல மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது, போர் போன்ற கொடூர அனுபவங்களுக்குப் பிறகு வரும், பி.டி.எஸ்.டி. என்று நாங்கள் சொல்லும் மனப் பாதிப்புதான். அதற்கு வைத்தியம் உண்டு.

மற்றதைச் சொல்லும் முன், நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். வங்கிக் காவல் வேலைக்காக அவர் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தாரா? முன்னாள் ராணுவத்தினர் பலர் இந்த வேலைக்கென்றே இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்குகிறார்கள். வேலை முடிந்த பிறகும் அது வீட்டு பீரோவில் கிடக்கும். உங்கள் வீட்டிலும் இருந்தால், இந்த வாரமே அது வெளியே போக வேண்டும். போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். தேர்தல் சமயத்தில் பலரும் ஒப்படைப்பதுதான், அதனால் அவருக்கு இது அவமானமாகத் தோன்றாது. அவரிடம் சொல்லியே செய்யுங்கள். மோட்டார் கொட்டகையில் பூச்சிமருந்து இருந்தால் அதையும் அப்புறப்படுத்துங்கள். தூக்கமின்மை, குடி, குற்றவுணர்வு மூன்றும் ஓர் ஆளிடம் சேர்ந்திருக்கும்போது தற்கொலை எண்ணம் வருவதற்கான வாய்ப்பு அதிகம். "சாகணும்னு தோணுதாங்க?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எந்த நேரத்திலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அதுதான்.

1987 ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கத்தான் இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபர் 10இல் அதே படை புலிகளோடு போரில் இறங்கியது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. உங்கள் கணவருக்கு அப்போது 24 வயது இருக்கும். அந்த அமைதிப்படையில் பஞ்சாபிகள், கூர்க்காக்கள், மராட்டியர்கள் எல்லாம் இருந்தார்கள். அவர்களுக்குத் தெருவில் கேட்டது புரியாத பாஷை. உங்கள் கணவருக்கு எல்லாமே புரிந்தது. ஒரு வீட்டுக்குள்ளிருந்து வரும் அழுகையில் "ஐயோ தம்பி" என்றால் என்ன, "பிள்ளை உள்ள கிடக்குது" என்றால் என்ன என்று தெரிந்தது. தமிழ் தெரிந்த வீரர்களைத்தான் பேசுவதற்கும் கேட்பதற்கும் முன்னால் நிறுத்தினார்கள். சுற்றிவளைப்பின்போது ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "பயப்படாதீங்க, திறங்க" என்று யாராவது தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் சொன்ன வரிக்கு அர்த்தம் இதுவாக இருக்கலாம். நம்முடைய ஆள் குரல் என்று நம்பி அவர்கள் கதவைத் திறந்திருக்கலாம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். பெரிதாக ஒன்றும் நடக்காமல்கூட இருந்திருக்கலாம். ஊகித்து ஒரு கதையை நீங்களாகக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

போரிலிருந்து வருகிறவர்களிடம் நாங்கள் பார்ப்பது இரண்டு விதம். ஒன்று பயம். வெடிச்சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிவாரிப் போடும், முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் தாங்காது. இன்னொன்று மனசாட்சியில் பட்ட காயம். செய்தது, செய்யாமல் விட்டது, தடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றது. பாஸ்டனில் வியட்நாம் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் 1990களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அதற்கு முன் இதைப் பெரும்பாலும் பயத்தின் கணக்கில்தான் மருத்துவம் வைத்திருந்தது. பயத்துக்கு "இப்போ ஆபத்து இல்லை, வீட்டில்தான் இருக்கிறோம்" என்று உடம்புக்குக் கற்றுக்கொடுத்தால் குறையும். மனசாட்சிக் காயத்துக்கு அது போதாது. ஆபத்து போய்விட்டது என்று அவருக்கே தெரியும். அவர் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருப்பது "நான் எப்படிப்பட்டவன்?" என்ற கேள்வியாக இருக்கலாம். உங்கள் கணவரிடம் இரண்டுமே தெரிகின்றன. தாழ்ப்பாளும் நாற்காலியும் பயத்தின் பக்கம். பாட்டியின் குரலைக் கேட்டுப் பின்பக்கமாகப் போனதும் பட்டினி கிடந்ததும் அந்த மற்றப் பக்கம்.

ஆகவே, அவர் எப்போதாவது வாய் திறந்தால் ஒன்றை மட்டும் சொல்லிவிடாதீர்கள்: "அது உங்க தப்பு இல்லைங்க, ஆர்டர் போட்டாங்க, செஞ்சீங்க." அன்பில்தான் சொல்வீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஆறுதலை அவரே தனக்கு 38 வருடமாகச் சொல்லிப் பார்த்திருப்பார். வேலைக்கு ஆகவில்லை. நீங்களும் அதையே சொன்னால், இவளுக்கும் புரியாது என்று மறுபடி வாயை மூடிக்கொள்வார். "அப்புறம் என்ன ஆச்சு, எத்தனை பேர்?" என்று துருவுவதும் வேண்டாம். கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். "சொல்லுங்க, கேட்கிறேன்" என்பதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. பாதியில் நிறுத்தினால் நிறுத்தட்டும். முழுக்கதையையும் வெளியே கொண்டுவருவது பயிற்சி பெற்றவர்களின் வேலை, அதை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றையும் மனம் வருந்தித்தான் எழுதுகிறேன். இந்த மனிதர்களைப் பேசாதவர்களாக ஆக்கியதில் நம் ஊருக்கும் பங்கு இருக்கிறது. கார்கில் வீரர்களை நாடே கொண்டாடியது. திருச்சியில் மேஜர் சரவணனுக்கு நினைவிடம் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் போய்ப் பூ வைக்கிறார்கள். இலங்கையில் 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னையில் வந்து இறங்கியபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத்தில் நடந்ததற்கு அது அவருடைய எதிர்ப்பு, அன்று தமிழ்நாட்டில் அதற்கு ஆதரவும் இருந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் பட்டதை நினைத்தால் அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தமிழ்ச் சிப்பாய் அதைச் சுமந்துகொண்டு தன் கிராமத்துக்குள் நடந்து வந்ததை யோசித்துப் பாருங்கள். சண்டை போட்டேன் என்று பெருமையாகச் சொல்ல முடியாது. தப்பு நடந்தது என்று சொன்னால் சக வீரர்களுக்குத் துரோகம். டீக்கடையில் ஈழம் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விட வேண்டும். அதே படையில் இருந்த பஞ்சாபிக்காரருக்கு இந்தச் சிக்கல் இந்த அளவுக்குக் கிடையாது. இப்படிப்பட்டவர்களை நான் சிகிச்சையில் பார்த்திருக்கிறேன். லடாக், காஷ்மீர் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்த இரண்டு வருடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள்.

உங்கள் மகனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சாக்கு என்பது பழைய குற்றச்சாட்டு. முதல் உலகப் போரில் கைகால் நடுங்கி, பேச்சு நின்று போன சிப்பாய்களையும் வேஷக்காரர்கள், கோழைகள் என்றார்கள். ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டன் சுட்டுக் கொன்ற 306 வீரர்களுக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கியது. அவர்களில் சிலருக்கு இருந்தது இந்த நோய்தான் என்று இன்று நமக்குத் தெரியும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இதற்கு முறையான இடம் கிடைத்தது 1980இல். வியட்நாம் போர் முடிந்து பத்தாண்டுக்கும் மேலான பிறகு அமெரிக்காவில் நடத்திய தேசிய ஆய்வில், அங்கே போய் வந்த ஆண்களில் 100க்கு 15 பேரிடம் அப்போதும் இது இருந்தது. உங்கள் மகன் சின்ன வயதிலிருந்து அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தவன். அவனுடைய கோபத்தில் அந்தப் பழைய பயமும் இருக்கும். "மன்னிச்சிடு" என்று அவனை நெருக்காதீர்கள். இந்தப் பத்தியைப் படிக்கக் கொடுங்கள், அது போதும்.

ஏன் இத்தனை வருடம் கழித்து இப்போது? வங்கி வேலையில் அவருடைய விழிப்புக்கு ஓர் உபயோகம் இருந்தது. வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் வந்தது. யூனிஃபார்ம், ஷிஃப்ட், சல்யூட் என்று பட்டாளத்தின் ஒழுங்கு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது நின்றதும் நாள் முழுக்க நினைவுகளோடு மட்டும் உட்கார வேண்டியதாகிவிட்டது. இரண்டாம் உலகப் போர் வீரர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். வேலை ஓய்வு, மனைவியின் மறைவு, ஒரு பெரிய நோய், இவற்றுக்குப் பிறகு 40, 50 வருடம் அடங்கிக் கிடந்தது எழுந்து வரும்.

சரி, குடி. சாப்பாட்டில் கலக்கும் மருந்து கூடவே கூடாது. நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் டைசல்ஃபிராம் ஆக இருக்கும். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். 62 வயதுக்காரருக்கு உயிரே போகலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டரின் பார்வையில் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. தவிர, தெரியாமல் கொடுத்தது ஒருநாள் வெளிப்பட்டால், அவர் நம்பும் ஒரே ஆளையும் இழந்துவிடுவார்.

பாட்டிலைக் கொட்டிவிட்டு ஒரே நாளில் நிறுத்தச் சொல்வதும் ஆபத்து. தினமும் அரை பாட்டில் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம். ஆள், இடம் தெரியாமல் பிதற்றும் நிலை வரலாம். மருத்துவமனையில் வைத்து, மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து நிறுத்துவதுதான் சரி. வேனில் வந்து தூக்கிக்கொண்டு போகும் 'மறுவாழ்வு இல்லம்' எதற்கும் அனுப்பாதீர்கள். வாசலையே பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரை நாலு பேர் அமுக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குடியை மட்டும் நிறுத்தினாலும் போதாது. அவருக்கு அதுதான் தூக்க மாத்திரை. அதை எடுத்துவிட்டு வேறு எதுவும் கொடுக்காவிட்டால் கனவுகள் இன்னும் மோசமாகும். இரண்டுக்கும் ஒன்றாகச் சிகிச்சை தொடங்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் அல்ப்ரசோலம் வாங்கிக் கொடுக்காதீர்கள். சாராயத்தோடு அது சேர்ந்தால் மூச்சே நிற்கலாம்.

தூக்கத்தில் முனகும்போது இனிமேல் தொட வேண்டாம். விளக்கைப் போடுங்கள். கால்மாட்டில், கை எட்டாத தூரத்தில் நின்று, "ஏங்க, நான்தான், நம்ம வீடு" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். கண் திறந்த பிறகும் கொஞ்ச நேரம் பக்கத்தில் போகாதீர்கள். உங்கள் கழுத்தைப் பிடித்த அந்த நொடியில் உங்களை அவருக்கு அடையாளம் தெரிந்திருக்காது. அதற்காக நீங்கள் ஆபத்தில் படுத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. வேறு அறையில் படுப்பது தவறே அல்ல, பகலில் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். விழித்திருக்கும்போது கை நீட்டினால் அது வேறு விஷயம். அதைப் போரின் கணக்கில் எழுதிப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

பென்ஷன் பயத்தை விடுங்கள். ஓய்வுபெற்ற பிறகு மனநலச் சிகிச்சை எடுப்பதால் பென்ஷன் நிற்காது, குறையாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவருடைய சிகிச்சை விவரங்கள் ரகசியம். அவரிடம் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். கார்டு இருந்தால் வேலூர் பாலிகிளினிக்குக்குப் போங்கள். இல்லையென்றால் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்ற பென்ஷன் உத்தரவு இரண்டையும் எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். "மனநல டாக்டர்" என்றால் வர மாட்டார் என்றால், "தூக்கத்துக்குப் பார்க்கலாம், பிரஷரும் சுகரும் பார்த்துட்டு வந்துடலாம்" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. மூன்றையும் பார்க்கத்தான் வேண்டும். முதல் டாக்டரிடம் நீங்கள் தனியாகப் பேசி, எனக்கு எழுதியதையே சொல்லுங்கள். பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். அவர் மதிக்கும் பழைய பட்டாளத்து நண்பர் ஒருவர் கூட வந்தால் பாதி வேலை முடிந்தது.

அங்கே பெரும்பாலும் செர்ட்ரலின் போன்ற மாத்திரையும் பேச்சுவழிச் சிகிச்சையும் கொடுப்பார்கள். மாத்திரை பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் "ஒண்ணும் கேட்கலை" என்று நிறுத்திவிடுவார், அங்கேதான் நீங்கள் விடாமல் இருக்க வேண்டும். பேச்சுவழிச் சிகிச்சையில், நடந்ததைத் தாங்கக்கூடிய அளவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வைப்பார்கள். மனசாட்சிக் காயத்துக்கு, அன்று தன் கையில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு இல்லை என்று நேர்மையாகப் பிரித்துப் பார்க்க உதவுவார்கள். சிலரை, யாருக்கும் அனுப்பாத கடிதம் ஒன்றை எழுதச் சொல்வதும் உண்டு.

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்கும் யோசனை வேண்டாம். உங்கள் மனசு புரிகிறது. ஆனால் அந்தப் பாட்டிக்கும் ஒரு போர் இருக்கிறது. யாரை இழந்தார், எந்த முகாமில் எத்தனை வருடம் இருந்தார் என்று நமக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் திரும்பத் திரும்ப எழுதியிருப்பது, போர் ஆளாளாக மட்டும் சேதப்படுத்துவதில்லை, ஒருவரை ஒருவர் நம்பும் வழக்கத்தையே ஒரு சமூகத்திலிருந்து எடுத்துவிடுகிறது என்பதைத்தான். 1987இல் தீபாவளி அக்டோபர் 21இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் சண்டை உச்சத்தில் இருந்த நேரம். அன்றுதான் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் புகுந்து சுட்டதில் டாக்டர்கள், தாதியர், நோயாளிகள் எனப் பலர் செத்துப் போனார்கள். உங்கள் கணவர் அங்கே இருந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெடிச்சத்தம் உங்கள் வீட்டுக்கு எப்படியோ, அந்தப் பாட்டி வீட்டுக்கும் அப்படியே இருக்கலாம். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு முன்னாள் சிப்பாய் போய் அழுதால், அவரைத் தேற்றும் பாரமும் அந்தப் பாட்டி தலையில் விழும். அண்டை வீட்டுக்காரியாக நீங்கள் பழகுங்கள், தண்ணீர் கொடுங்கள், குழம்பு கொடுங்கள். கணவர் பட்டாளத்தில் இருந்ததை மறைக்கவும் வேண்டாம், இழுத்துச் சொல்லவும் வேண்டாம். பிறகு ஒருநாள், சிகிச்சையில் நன்றாகத் தேறிய பின், அவராக ஏதாவது செய்ய நினைத்தால் சிகிச்சை தருபவரோடு பேசி முடிவு செய்யட்டும்.

நீங்களும் முப்பது வருடத்துக்கு மேலாகத் தூங்காத மனிதரோடு தூங்காமல் இருந்திருக்கிறீர்கள். அவருக்காகப் போகும் அன்றே உங்களையும் ஒரு டாக்டர் பார்க்கட்டும். போர் வீரர்களின் மனைவிமாரிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள்.

இந்த வயதில் மாறுவாரா என்று கேட்டிருந்தீர்கள். எழுபது வயதுக்கு மேல் முதன்முதலாகச் சிகிச்சைக்கு வந்து தேறியவர்கள் இருக்கிறார்கள். முதலில் தூக்கம் சீராகும். குடி விட்டு விட்டுத்தான் குறையும், ஒருமுறை மறுபடி குடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று நினைக்காதீர்கள். அந்தக் கதவைப் பற்றிய நினைவு முழுதாகப் போகாது. ஆனால் அதை நினைத்த பிறகும் அன்று ராத்திரி படுத்துத் தூங்க முடிகிற நிலைக்கு அவர் வரலாம். துப்பாக்கி விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒப்படைத்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.